ஆறாம் காம்பராக் கடலுக்கு வெயில்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, வட்டவளைக்கு மேலே இருக்கும் வெள்ளிக்கல் தோட்டத்தில் பதினேழாம் லயத்தின் ஆறாம் காம்பராவுக்குள் கடல் வந்தது. முதல் நாள் கணுக்கால் அளவு இருந்தது, மறுநாள் முழங்கால் அளவு. மூன்றாம் நாள் பன்னிரண்டடி மூங்கிலை விட்டுப் பார்த்தார்கள், தரை தட்டவில்லை. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை, பக்கத்துக் காம்பராக்களின் சுவர் ஈரம்கூடக் காணவில்லை. நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் தோட்டத்துக்குக் கடல் எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டதுண்டு. ஒரு நாளைக்கு இரண்டே முறை ஹட்டன் பஸ் வருகிற, அதுவும் மழை பெய்தால் வராத ஒரு தோட்டத்துக்கு ஏதாவது வந்து சேர்ந்தால், எப்படி வந்தது என்று விசாரிக்கிற வழக்கம் இங்கே இல்லை. வந்ததா, சரி என்று இருந்துகொள்வார்கள்.

அந்த ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தவள் செல்வமலர். கொழுந்து எடுப்பவள், முப்பத்தெட்டு வயது, பேச ஆரம்பித்தால் கங்காணியே இரண்டு நிரை தள்ளிப் போய் நிற்பார். கூட இருந்தது ஒன்பது வயது மகள் ஊர்மிளா. புருஷன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறவன், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருவான். கடல் வந்த சேதியைப் போனில் சொன்னபோது அவன், "அப்ப உப்பு வாங்க வேணாம்" என்றான். தோட்டத்துத் தச்சுவேலைக்காரர் மூக்கன் இரண்டு நாளில் சுவருக்குச் சுவர் பலகை அடித்து, பாதிக் காம்பராவை அடைக்கிற மாதிரி ஒரு மேடை கட்டிக் கொடுத்தார். தாயும் மகளும் அதில் படுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி, முருகன் படத்துக்குக் கீழே மூன்றாவது கல் வரைக்கும் வந்து திரும்பியது. நாலைந்து நாளில் அது பழகிவிட்டது. அடுப்பு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் இருந்ததால் சமையலுக்கு இடைஞ்சல் இல்லை.

இடைஞ்சல் இருட்டுதான். லயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் பன்னிரண்டு காம்பரா, அதன் முதுகோடு முதுகு ஒட்டிப் பின்வரிசையில் பன்னிரண்டு. மூன்று பக்கச் சுவரும் அடுத்தவனுடைய சுவர். நாலாவது பக்கத்தில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே அடுப்பும் புகையும். ஜன்னல் கிடையாது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவனுக்கு ஜன்னல் எதற்கு என்று கட்டிய வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். அவன் போய் அரசாங்கம் வந்தது, அரசாங்கம் போய்க் கம்பெனி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஒருவரும் ஜன்னல் வைக்கவில்லை. ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள் தாங்களாக ஒரு கல்லைப் பெயர்க்கவும் கூடாது, சுவரும் கூரையும் தோட்டத்துச் சொத்து. கீழ்ப்பிரிவில் ஒருவன் கேட்காமல் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தான். அவனுக்கு மூன்று மாதம் வேலை நிறுத்தி, பொலிசில் முறைப்பாடும் வைத்து, அவன் கையாலேயே அந்த ஜன்னலை அடைக்க வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு எல்லாரும் கேட்டுச் செய்யப் பழகிவிட்டார்கள். கேட்பது, காத்திருப்பது, மறுபடி கேட்பது. இந்தச் சனம் செய்த தவறுகளில் பெரிய தவறு இந்தப் பழக்கம்தான் என்று இதை எழுதுகிறவனுக்குத் தோன்றுகிறது.

செல்வமலரும் கேட்டவள்தான். 2015இல் அவளுடைய மூத்தவன் தர்ஷனுக்கு நாலு வயது, இழுப்பு நோய். புகையும் ஈரமும் அடைந்த காம்பராவில் மூச்சு இழுக்கும்போது பையனின் விலா எலும்புகளை எண்ணலாம். இந்தப் பிள்ளைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று ஹட்டன் டாக்டர் துண்டில் எழுதிக் கொடுத்தார். செல்வமலர் அந்தத் துண்டையும் இணைத்து, முன்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைக்க அனுமதி கேட்டுப் பெட்டிசம் போட்டாள். பதில் வரவில்லை. 2016 ஜனவரியில், அவள் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பையன் அந்தக் காம்பராவின் வடமேற்கு மூலையில் போய்ச் சேர்ந்தான். பெட்டி அடித்தவர் மூக்கன். அழுதவர்கள் எல்லாரும் ஒரு மாதத்தில் அடங்கினார்கள். செல்வமலர் அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாததால் எல்லார்மேலும் இருந்தது: தோட்டத்தை நடத்துகிற துரைமேல், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குமேல், சங்கத் தலைவர்மேல், மாரியம்மன்மேல், எல்லாவற்றையும்விடப் பெட்டிசம் எழுதிய தன் கைமேல். அந்த நேரத்துக்கு ஒரு சம்மட்டியைத் தூக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவள் கொழுந்து நிரையில் தனியாகப் பேசிக்கொண்டு போவாள்.

ஊர்மிளாவுக்கும் அதே இழுப்பு. கடல் வந்து மூன்றாம் வாரம் தண்ணீர் நாற ஆரம்பித்ததும் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. இருட்டில் கிடந்த தண்ணீர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் எடுத்தது. மருந்துப் பம்பை வாயில் அடித்தாலும் அரை மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் மேடையில் குப்புறப் படுத்திருந்த ஊர்மிளாதான் ஒரு நாள் அதைக் கண்டுபிடித்தாள். கூரைத் தகரத்தில் ஒரு பழைய ஆணி துருவேறி விழுந்த இடத்தில் ஒரு ஓட்டை. காலை பத்தேகாலுக்கு அதன் வழியாக ஒரு ரூபாய்க் காசு அளவு வெயில் தண்ணீரில் விழும், மெதுவாக நகர்ந்து பதினொரு மணிக்குச் சுவரில் ஏறி மறையும். அந்த வெயில் போன வழி முழுக்கத் தண்ணீர் பச்சையாக இருந்தது, விரலகலத்துக்கு, கோடு கிழித்த மாதிரி. அந்தக் கோட்டுக்கு நேர்மேலே முகத்தை வைத்துப் படுத்தால் நாற்றம் இல்லை, இழுப்பும் இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்த தாய், மகள் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தாள். பயந்து போய்த் தட்டி எழுப்பினாள். பிள்ளையின் மூச்சில் அந்தக் கீச்சுச் சத்தம் இல்லை.

பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று விசாரிக்க வந்தவர் ஜெயந்தினி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரி, தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். ஒரு போத்தலில் அந்தப் பச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் பாடசாலை நுணுக்குக்காட்டியைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். செல்வமலர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடித் துண்டு மாதிரி, சங்கிலி மாதிரி, சின்னச் சின்னப் பெட்டி மாதிரி என்னென்னவோ பச்சையாக அசைந்தன.

"அக்கா, இந்தத் தண்ணி சாகேல்ல" என்றார் டீச்சர். "இருட்டுக்க கிடக்கிறதாலதான் நாறுது. இதுக்குப் பேர் தாவரப் பிளாந்தன். கடல் முழுக்க இருக்கிற பயிர் இதுதான். வெயில் எவ்வளவு தூரம் கீழ போகுதோ, அவ்வளவு தூரத்துக்குத்தான் இதுகளுக்குச் சீவியம். அதுக்குக் கீழ வெறும் இருட்டு. அடியில உரம் கிடக்கும், மேல வெயில் இருக்கும், ரெண்டும் சந்திச்சாத்தான் பச்சை பிடிக்கும்."

"இது என்னாங்க டீச்சர் செய்யுது, புள்ளைக்கு மூச்சு நல்லா வருதே?"

"மூச்சு விடுற காத்தை இதுகள்தானே செய்யுதுகள். நாங்கள் இழுக்கிற ரெண்டு மூச்சில ஒண்டு கடல் தாறது, அக்கா."

செல்வமலர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரெண்டில் ஒன்று கடல் தருவது என்றால், தர்ஷனுக்கு வராமல் போன மூச்சு எந்தப் பக்கத்தது என்று அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. கூரையைப் பார்த்தாள். ஒரு ஆணி ஓட்டை இவ்வளவு செய்தால் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடித் தகடு போட்டால் என்ன செய்யும்? அதைச் செய்திருக்கலாம். ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலையும் காம்பராவும் போய்விட்டால் எங்கே போவது என்ற பயம் வந்தது. பழக்கமும் சேர்ந்துகொண்டது. மறுபடியும் பெட்டிசம் எழுதினாள். எழுதும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

சங்கத் தலைவர் தம்பிஐயா அதைத் தன் கையாலேயே கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொன்னார். "மொறையா போவோம் தாயி. மொறைன்னு ஒன்னு இருக்குல்ல" என்றார். அவர் முப்பது வருடமாக முறையாகப் போய்க்கொண்டிருப்பவர், இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கண்டாக்கு நிரோஷன் நல்ல பிள்ளைதான், லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவன். ஆனாலும் பெட்டிசத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நான் என்னா செய்ய, தொரைகிட்டதான் கேக்கணும் என்றான். துரை படித்துவிட்டு "பே" என்றார். சிங்களத்தில் முடியாது என்று சொல்ல அந்த ஒரு எழுத்து போதும். எழுத்தில் வந்த பதில் கொஞ்சம் நீளம்: கூரையில் துவாரமிடுவது தோட்டச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதாகும், மேலும் காம்பராவினுள் கடல் வைத்திருப்பதற்கு முன் அனுமதி பெறப்படவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கரையோரம் பார்க்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்து, நாடா பிடித்து அளந்து, தண்ணீர் ஏறும் எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் குடியிருப்பது சட்டவிரோதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடல் அவள் வீட்டுக்கு வந்ததா, அவள் கடற்கரையில் வீடு கட்டினாளா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போகும்போது மூவரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். செல்வமலர்தான் போட்டுக் கொடுத்தாள், அந்தக் கைமேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

மே மாதம் மழை பிடித்தது. வட்டவளைப் பக்கம் மழை பிடித்தால் சூரியன் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். பத்தேகால் வெயில் வரவில்லை. பச்சைக் கோடு முதலில் மங்கியது, ஜூன் நடுவில் மறைந்தது, தண்ணீர் மறுபடி கறுத்து நாறியது. ஜூலை இருபத்தாறாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு ஊர்மிளாவின் உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்துக் காம்பரா ராக்காயி மலைக்கு ஓடி வந்து சொல்ல, செல்வமலர் கூடையோடு இறங்கி ஓடி வந்தாள். தோட்டத்து அம்புலன்ஸ் இரண்டு வருடமாகப் பழுதாகிக் கட்டையில் நிற்கிறது. இருந்தது கொழுந்து லொறி மட்டும். நிறுவை முடியாமல் லொறியை எடுக்க முடியாது என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சொன்னார்கள். செல்வமலர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் அங்கே நின்றாள். கொழுந்துச் சாக்குகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்குவதையும், ஒவ்வொரு நிறையையும் ஒருவர் கூவ இன்னொருவர் எழுதுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் தேவலை, அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை என்று நிறுவைக்காரர் பிறகு சொன்னார். சாக்குகளின்மேல் பிள்ளையைக் கிடத்தி ஹட்டனுக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த செல்வமலர், மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. மூக்கன் வீட்டில் நெம்புகிற அலவாங்கு இரவல் வாங்கி, ஏணி வைத்து, கொட்டுகிற மழையில் கூரைமேல் ஏறினாள். பெரட்டுக்குப் புறப்பட்ட லயம் அப்படியே வாசலில் நின்றது.

"அடியேய், கூர தோட்டத்துக் கூரடி!" என்று ராக்காயி கீழேயிருந்து கத்தினாள்.

"கூர தோட்டத்துதுதான். புள்ள என்னோடது" என்றாள் செல்வமலர், ஆணியை நெம்பிக்கொண்டே.

முதல் தகரத்தை உருவி அவள் கீழே எறிந்த சத்தம் பக்கத்து மலைவரை கேட்டது. தர்ஷன் பெயரைச் சொல்லி இரண்டாவதை எறிந்தாள். மூன்றாவதை எறியும்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, துரையின் தாயாரும் கம்பெனியின் தாயாரும் அதில் வந்தார்கள். நாலாவது தகரத்துக்கு ராக்காயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். ஆறு தகரம் போனது. காம்பராவுக்குள் நூற்றைம்பது வருடத்தில் முதன்முறையாக வானம் தெரிந்தது, மழை வானம்தான், சாம்பல் நிறம். கடலுக்கு அது போதுமாக இருந்தது. நாலாம் நாள் தண்ணீர் சுவருக்குச் சுவர் பச்சை பிடித்தது. நாற்றம் நின்றது. ஊர்மிளா மேடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள், பம்ப் முருகன் படத்துக்குப் பின்னால் போனது. மழை தண்ணீருக்குள் பெய்துகொண்டே இருந்தது, உப்பு குறையவில்லை. மேடைக்கு மேலே மட்டும் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள்.

கம்பெனி எதையும் ஆறுதலாகத்தான் செய்யும், தண்டனையைக்கூட. ஓகஸ்டில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஒக்டோபரில் இன்னொன்று. அதற்கிடையில் பச்சையைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வந்தன, அவற்றைத் தின்ன நெத்தலி வந்தது. சுவருக்குள் எந்த வழியாக வந்தது என்று யாரும் தேடவில்லை. லயத்தில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் மணந்தது. பச்சை ரொம்பத் தடித்துவிட்டால் மேலே இருப்பதே கீழே இருப்பதற்கு வெயிலை மறைத்துவிடும் என்பதைச் செல்வமலருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடுக்காமல் விட்ட தேயிலையும் அப்படித்தான் கெடும். ஆகவே ஏழு நாளுக்கு ஒரு முறை மேல்படையைத் துணியால் வழித்து, மரக்கறிப் பாத்திக்குப் போட்டாள். கொழுந்து எடுக்கிற அதே முறை, அதே ஏழு நாள்.

டிசம்பர் கடைசியில் மழை விட்டது. ஜனவரியில் மேகமே இல்லாத வெயில் அடித்தது. ஆறு தகரம் இல்லாத கூரை வழியாக உச்சி வெயில் முழுசாக இறங்கியது. எவ்வளவு வெயிலோ அவ்வளவு பச்சை என்று லயமே நினைத்தது. ஐந்தாம் நாள் தண்ணீரின் மேல்பக்கம் வெளுத்தது. எட்டாம் நாள் கஞ்சித் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. நெத்தலி கீழே இறங்கிவிட்டது, ஊர்மிளாவுக்கு மறுபடி இழுப்புக் கண்டது. மேலேயிருப்பது கருகும், மிச்சம் வெளிச்சத்துக்குப் பயந்து ஆழத்துக்கு ஓடும் என்று டீச்சர் விளக்கினார். செல்வமலர் முழுக்கக் கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, "அட மூதி, நேசரிக் கன்னுக்கு இப்புடி வெயிலக் காட்டுவோமா?" என்று தன்னையே திட்டினாள். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் அவள் நாற்று மேடையில் வேலை செய்தவள். வெட்டி நட்ட தேயிலைக் கன்றுக்கு முழு இருட்டும் ஆகாது, முழு வெயிலும் ஆகாது, நிழல் வலைக்கு ஊடாகச் சிந்திச் சிந்தி விழ வேண்டும். அன்றைக்கே நாற்று மேடையிலிருந்து ஒரு பழைய வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து கூரையில் கட்டினாள். வலை கிழிசல், பாதி இடத்தில் வெயில் அப்படியே இறங்கியது. இருந்தாலும் ஓரங்களில் பச்சை திரும்பத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் துரை வந்தார். 2024 பெப்ரவரி ஆறாம் தேதி, மூன்றாவது கடிதத்தைக் கையிலேயே கொண்டு வந்தார். இன்று மாலைக்குள் கூரைத் தகரம் பழையபடி அடிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைப் பூட்டி முத்திரை வைப்போம். நிரோஷன் அதைத் தமிழில் சொல்லும்போது செல்வமலரின் முகத்தைப் பார்க்காமல் எதிரே நின்ற பலாமரத்தைப் பார்த்தான். மூக்கனைக் கூப்பிட்டு வேலையைச் செய்யச் சொன்னார்கள். மூக்கன் முப்பத்திரண்டு வருடம் தோட்டம் சொன்ன இடத்தில் ஆணி அடித்தவர், எதிர்த்துப் பேசியவர் அல்ல. தகரங்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தவரை, செல்வமலர் வழிமறித்தாள்.

"மாமா, இந்தக் கையாலதான் எம் மவனுக்குப் பெட்டி அடிச்சீங்க."

மூக்கன் தகரத்தைக் கீழே வைக்கவில்லை. "உள்ள போய் நில்லு தாயி" என்றார் மெதுவாக. "மேல இருந்து எனக்குத் தண்ணி தெரியாது. நீதான் சொல்லணும்."

அவள் உள்ளே போய் மேடையில் ஏறிக் கூரையைப் பார்த்தபடி நின்றாள். வெளியே துரை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு தகரமும் அதனதன் இடத்தில் ஏறின. மூக்கன் ஆணியை வைப்பார், அடிப்பார், கொஞ்சம் அசைத்துப் பார்த்துப் பிடுங்குவார். பக்கத்தில் இன்னொன்று. காம்பராவுக்குள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெளிச்சத் துண்டு தண்ணீரில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் மேக்கால, இங்க போதும் மாமா, இந்தப் பக்கம் நெருக்கமா வேணாம் என்று செல்வமலர் நாற்று மேடையில் நிற்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஆறும் முடிந்து, கழற்றாமல் இருந்த மற்றத் தகரங்களிலும் சுத்தியல் இறங்கியது. ஐம்பது அடிக்குமேல் துரைக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கூரைக்கு எத்தனை ஆணி என்று கேட்டார்.

"புடிக்கலைங்க" என்றார் மூக்கன் மேலேயிருந்து. "மரம் பூரா உளுத்துப் போச்சு. மூனு தடவ எழுதிக் குடுத்தேன், மரம் வரலைங்க. புடிக்கிற எடம் கெடைக்கிற வரைக்கும் அடிக்கணும்ங்க."

அது உண்மை. மூன்று கடிதமும் ஒப்பீசில் கிடந்தன, கடைசிக் கடிதத்துக்கு ஒன்பது வருட வயது. உளுத்துப் போனது இந்த ஒரு காம்பராவில் மட்டும் அல்ல, இருபத்துநாலு காம்பராவிலும். அதைப் புத்தகத்தில் எழுதினால் இருபத்துநாலுக்கும் மரம் மாற்ற வேண்டிவரும். துரை கூரையைப் பார்த்தார், மூக்கனைப் பார்த்தார், லயம் முழுக்க வாசலில் வந்து நின்று தன்னையே பார்ப்பதையும் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மூக்கன் இறங்கவில்லை.

"ஒன்னே ஒன்னு பாக்கி மாமா" என்றாள் செல்வமலர் உள்ளேயிருந்து. "வடமேக்கு மூலைல. அவென் படுத்திருந்த எடத்துல."

அது முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டை. அந்த வருடம் வெயில் முந்நூறு துண்டாகத் தண்ணீரில் விழுந்து, ஒவ்வொரு துண்டும் தன் பச்சையைத் தானே இழுத்துக்கொண்டு நகர்ந்தது. வெளுக்கவில்லை, கருகவில்லை. மழைக் காலத்தில் ஓட்டைகள் ஒழுகின, கடலில் ஒழுகுவதற்கு யார் வருத்தப்படப் போகிறார்கள்? மே மாதத்திலும் ஒரு மங்கல் பச்சை மிஞ்சி நின்றது, ஊர்மிளா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் மற்றவர்களும் மூக்கனைத் தங்கள் கூரைக்கு ஆணி அடிக்கக் கூப்பிட்டார்கள். கடல் இல்லாத காம்பராக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஒருவரும் பெட்டிசம் போடவில்லை. வடமேற்கு மூலை ஓட்டைக்குக் காலை ஏழு இருபதுக்கு வெயில் வரும், செல்வமலர் அது விழுந்து பச்சை தெரியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுவாள். அதனால் தினமும் மலைக்கு நாலு நிமிடம் பிந்துகிறாள். நிரோஷன் அதைப் புத்தகத்தில் குறிப்பதில்லை. ஒரு தடவை ஏன் என்று கேட்டான், அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு கேட்பதில்லை.

2025 பெப்ரவரியில் தபால்காரர் ஒரு நீளக் கவர் கொண்டு வந்து கொடுத்தார். கொழும்பிலிருந்து, கம்பெனியின் தலைமை அலுவலக முத்திரையோடு. செல்வமலர் இஸ்தோப்பில் நின்று பிரித்தாள். 2015ஆம் ஆண்டு தாங்கள் சமர்ப்பித்த விண்ணப்பம் தொடர்பாக, பிள்ளை தர்ஷனின் உடல்நலத்தைக் கருத்திற்கொண்டு, பதினேழாம் லயம் ஆறாம் காம்பராவின் முன்சுவரில் இரண்டடிக்கு ஒன்றரையடி அளவில் ஒரு ஜன்னல் வைக்க இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது. பிள்ளையின் உடல்நலத்தில் ஏற்படும் முன்னேற்றத்தை ஆறு மாதத்துக்குள் அறியத் தரவும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ராக்காயி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். காம்பராவுக்குள் போய், காலையில் பிடித்து உப்பில் புரட்டி வைத்திருந்த நெத்தலிச் சட்டியை எடுத்து வந்தாள். கடிதத்தைச் சுவர் ஓரத்தில், நல்ல வெயில் படுகிற இடத்தில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, அதன்மேல் மீனை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். முத்திரை ஒரு மீனுக்கு அடியில் போனது, தர்ஷன் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அவள் மீன் வைக்கவில்லை. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் மீன் காய்ந்துவிட்டது.